பெல்லீக் முத்திரையும் பூக்கூடையும் – கடிதம்

வணக்கம்.

பழைய ஐரிஷ் பீங்கான், அதிலும் வட அயர்லாந்தின் பெல்லீக் ஊர்த் தொழிற்சாலையில் செய்தது, சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். இணைய ஏலத்தில் சிப்பி வடிவக் கோப்பையும் சாஸரும் எடுத்தேன். ‘பெல்லீக், முதல் கறுப்பு முத்திரை, 1870கள்’ என்று விற்றவர் போட்டிருந்தார். அடியில் நாய், கோபுரம், யாழ் எல்லாம் கறுப்பில் உள்ளன. அவற்றின் கீழே ‘கோ. ஃபெர்மானா, அயர்லாந்து’ (‘கோ.’ என்றால் கவுண்டி, அதாவது மாவட்டம்) என்றும் இருக்கிறது. களிமண்ணிலேயே அழுந்திய சாய்சதுரக் குறி ஒன்றும் உண்டு. அதைப் படித்துத்தான் ஆண்டு சொன்னாராம். அடுத்து ஒரு பெல்லீக் பீங்கான் பூக்கூடைக்கு ஏலம் கேட்க எண்ணம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோப்பை முதல் முத்திரை அல்ல, இரண்டாவது. 1891க்கும் 1926க்கும் இடையில் செய்தது. காட்டிக்கொடுப்பது ‘அயர்லாந்து’ என்ற சொல். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் விதித்தது. பெல்லீக்குக்கு அமெரிக்கச் சந்தை முக்கியம் என்பதால் மறு ஆண்டே முத்திரையில் ‘கோ. ஃபெர்மானா, அயர்லாந்து’ என்று எழுதிய இன்னொரு நாடா வடிவம் சேர்ந்தது. 1863 முதல் 1890 வரையிலான முத்திரையில் திரும்பிப் பார்க்கும் வேட்டைநாய், வட்டக் கோபுரம், யாழ், ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடியின் இலைகள், ‘பெல்லீக்’ என்ற ஒரே நாடா, அவ்வளவுதான். 1926இல் ‘அயர்லாந்தில் செய்தது’ என்று ஐரிஷ் மொழியில் எழுதிய வட்டம் ஒன்றும் கூடியது. 1946இல் நிறம் பச்சையானது.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். முதல் கால முத்திரையே பெரும்பாலும் கறுப்பு என்றாலும் சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பிலும் வந்திருக்கிறது. பச்சையைப் பார்த்ததும் ‘1946க்குப் பிந்தியது’ என்று ஒதுக்கிய பொருள் எண்பது ஆண்டு மூத்ததாக இருக்கக்கூடும். நாடாவையும் வட்டத்தையும் படித்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள்.

சாய்சதுரம் பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவுக் குறி. 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்தது. உச்சியில் உள்ள ரோமன் எண் நான்கு மண்பாண்ட, பீங்கான் வகையைக் குறிக்கும். ஆண்டுக்கான எழுத்து 1867 வரை மேல் மூலையில். 1868 முதல் வலது மூலையில். இது வடிவம் பதிவான நாளைத்தான் சொல்லும், உங்கள் கோப்பை சூளைக்குப் போன நாளை அல்ல. அச்சிலேயே குறி இருந்தால் அந்த அச்சில் வார்த்த அத்தனையிலும் அது வரும். விற்றவர் சறுக்கியது இங்கேதான். தெரிந்தே சறுக்கினாரா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் டிரெண்டன் நகரத் தொழிற்சாலைகளும் இதே வகை மெல்லிய பீங்கானைச் செய்து ‘பெல்லீக்’ என்றே பெயரிட்டன. அவை போலி அல்ல, தனி வகை. ஆனால் ஐரிஷ் அல்ல.

இனி கூடை. பேரியன் என்னும் பளிங்கு போன்ற வெள்ளைப் பீங்கானுக்கான களிமண்ணில் கருவேலம் பிசின் கலந்து, முறுக்கு பிழிவதுபோல் இழைகளாகப் பிழிந்து கையால் பின்னுவார்கள். இதழ் இதழாகச் செய்த பூக்களை விளிம்பில் ஒட்டுவார்கள். அடிப்பின்னலில் இழைகளை எண்ணுங்கள். மூன்றிழை என்றால் பொதுவாக 1920க்கு முந்தியது, நான்கிழை என்றால் பிந்தியது. கூடையில் அச்சிட்ட முத்திரை இருக்காது. பெயர் அழுத்திய சிறு களிமண் பட்டையை அடியில் ஒட்டியிருப்பார்கள். ‘பெல்லீக்’ மட்டும் என்றால் 1890க்கு முன்.  ‘அயர்லாந்து’ம் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. மூன்றிழைக் கூடையில் ‘அயர்லாந்து’ பட்டை இருந்தால் பொதுவாக 1890க்கும் 1920க்கும் இடைப்பட்டது.

விலையைத் தின்பது வயதைவிடச் சேதம். இதழ் நுனி உடையாத பழைய கூடை அரிது. ‘சிறு உரசல்’ என்று விவரத்தில் இருந்தால் எத்தனை இதழ் என்று கேளுங்கள். அதைவிட மோசம் மறைத்த பழுது. இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால் பழைய பிசின் ஒட்டும் மேல்பூச்சும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறாக ஒளிரும். புதிய பிசின்கள் சில ஒளிராது. அதனால் சந்தேக இடத்தைப் பல்லில் மெல்லத் தட்டிப் பாருங்கள்: பீங்கான் குளிர்ந்து ‘டிக்’ என்னும், பிசின் மந்தமாக இருக்கும். விரிசலிலும் இரண்டு வகை. சூளையிலேயே விழுந்ததன் ஓரம் மழுங்கி, உள்ளே மெருகு வழிந்திருக்கும். அது பிறவிக் குறை, பொறுக்கலாம். பின்னால் விழுந்தது மயிரிழைபோல் கூராக ஓடி அழுக்கேறிக் கறுத்திருக்கும். அந்தக் கோப்பையில் சூடான தேநீர் ஊற்றினால் இழை நீளும்.

கழுவ பிளாஸ்டிக் தொட்டி, அடியில் துண்டு, வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு போதும். பிளீச் வேண்டாம், விரிசலுக்குள் இறங்கினால் முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தங்கப் பூச்சு போய்விடும். கூடைக்கு மென்மையான ஓவியத் தூரிகை. கோப்பையானாலும் கூடையானாலும் தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள்.

ஏலத்தில் கிடைத்தால், அனுப்புபவரிடம் இரட்டைப் பெட்டி கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து செ.மீ. திணிப்பு. கூடையின் உட்குழிவை மெல்லிய தாளால் நிரப்பலாம், பூக்களுக்கு இடையே எதையும் செருகக் கூடாது. குமிழித் தாளை விளிம்பில் இறுக்கிச் சுற்றினால் வழியில் விழாமலே இதழ்கள் உடைந்து வரும்.