மார்கழி சீசனில் ஒரு மிருதங்கக் கலைஞரின் வாரம்: வாசிப்பதும் கேட்பதும்

கேள்வி: சென்னையில் மிருதங்கம் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு மார்கழி இசை விழாவில் ஒரு வாரம் எப்படிப் போகும்? மற்றவர்களுடைய கச்சேரிகளைக் கேட்க நேரமும் மனமும் இருக்குமா?

இருக்கும், இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. கர்நாடக இசைக் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பாடகர் என்னென்ன பாடப் போகிறார் என்பது மேடையில் அவர் வாய் திறக்கும்போதுதான் வயலின்காரருக்கும் எனக்கும் தெரியவரும். ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தையும் ஒற்றை வரிப் பல்லவியையும் விரித்துப் பாடும் பகுதி) உண்டென்றால் மட்டும், திரை விலகுவதற்குச் சற்று முன்னால், 'கண்ட ஜாதி திரிபுடை, இரண்டு களை, அரை இடம் தள்ளி எடுப்பு' என்று தாளத்தையும் பல்லவி தொடங்கும் இடமான எடுப்பையும் சொல்லும் ஒரு வரி காதில் விழும். ஆகவே கீர்த்தனைகள் மட்டுமல்லாமல், எந்தப் பாடகர் எந்தச் சங்கதியில் (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதத்தில்) சற்று நின்று மேலே போவார், எங்கே காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) இறுக்கிப் பிடிப்பார் என்பதும் மனத்தில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு அவருடைய கச்சேரிகளை, நாம் வாசிக்காத நாட்களில், எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சீசன் என்று நாங்கள் சொல்வதன் மையம், 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிக் கூடிய இசை மாநாட்டின் விளைவாக 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமியின் டிசம்பர் விழாதான். அதைச் சுற்றி நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதிய வித்யா பவன், ராகசுதா எனப் பல மேடைகள் நவம்பர் நடுவிலேயே தொடங்கிப் பொங்கல் வரை ஓயாமல் இயங்குகின்றன. பல சபாக்களில் ஒரு நாள் என்பது ஓர் ஏணி: நண்பகல் ஸ்லாட் இளையவர்களுக்கு, பிற்பகலும் நான்கு மணியும் சப்-சீனியர்களுக்கு, மாலை பெரியவர்களுக்கு. நான் அந்த ஏணியின் நடுப்படியில் நிற்பவன். சில நாள் நண்பகல் கச்சேரி, சில நாள் நான்கு மணிக் கச்சேரி, எப்போதாவது மூத்த கலைஞர் ஒருவர் அழைத்தால் மாலை மேடை. இதனால் எனக்கு ஒரு வசதியும் உண்டு. நண்பகல் வாசித்து முடித்தவன், கையைக் கழுவிக்கொண்டு அதே மண்டபத்தில் மாலை வரை ரசிகனாக இருந்துவிடலாம்.

விடியற்காலை ஆறு மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு. அவர்களுக்கு அது முந்தைய நாள் மாலை. வகுப்பு முடிந்ததும் முடிந்தவரை அகாடமியின் காலை விரிவுரை-விளக்கங்களுக்குப் போவேன். லயம் சம்பந்தப்பட்ட தலைப்பென்றால் முன்வரிசையில் பாதி எங்கள் ஆட்களாகவே இருப்பார்கள். அதன் பிறகு அன்றைய கச்சேரிக்கான மிருதங்கத்தைத் தயார் செய்ய வேண்டும். கேள்வி கேட்டவர் இதைத்தான் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது இந்த வேலைதான்.

ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் இருக்கும் (கட்டை என்பது சுருதியின் அளவு). பெண் குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டி இருக்கும். ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துக் கட்ட முடியாது. ஆகவே தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு நீளமான ஒன்று, ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்குக் குட்டையான ஒன்று, அவசரத்துக்கு மற்றொன்று என்று பைகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். வேறு தாள வாத்தியங்கள் பலவற்றில் சுருதி சற்று விலகினாலும் அவ்வளவாகத் தெரியாது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ (வலப்பக்கத் தோலிலோ) நடுவே இடும் கரணையின் (கருப்புப் பூச்சின்) எடையால் மேல்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைந்து, வீணைத் தந்தியைப் போலத் தெளிவான சுருதி பிறக்கிறது. சர் சி. வி. ராமன் 1920இலேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். எங்களைப் பொறுத்தவரை அந்தக் கண்டுபிடிப்பின் நடைமுறைப் பொருள், தம்புராவிலிருந்து நூலிழை விலகினாலும் கடைசி வரிசை ரசிகர் முகம் சுளிப்பார் என்பதே.

டிசம்பர் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் காற்றின் வறட்சியால் அதே தோல் இறுகி ஏறத் தொடங்கும். மேடை விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும். அதனால் கச்சேரிக்கு வெகு முன்பாகவே போய், மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து மேடையோரமாகச் சும்மா வைத்துவிடுவேன். மண்டபத்தின் காற்று அதற்குப் பழகிய பிறகுதான் கல்லையும் மரத்துண்டையும் கையில் எடுப்பது. கண்ணுக்குக் கண் (வார் செல்லும் துளைக்குத் துளை) விளிம்பைத் தட்டி, ஒவ்வோர் இடத்திலும் விரலால் மீட்டிக் கேட்டு, எல்லாக் கண்ணும் ஒரே சுரத்தில் பேசும் வரை சுற்றிவர வேண்டும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையைப் பிசைந்து அப்புவதும் அப்போதுதான். ஏ.சி. காற்றில் அது பாதிக் கச்சேரியிலேயே காய்ந்து 'தொம்' என்பது 'டக்' என்றாகிவிடும் என்பதால், சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் பக்கத்தில் இருக்கும். பாடகர் ஆலாபனையில் இருக்கும்போது விரலை நனைத்துத் தடவிக்கொள்வேன். கீழே இருப்பவர்கள் இதை ஏதோ பழக்கதோஷம் என்று நினைக்கிறார்கள்.

கச்சேரியில் எங்களுக்கென்று ஒதுக்கப்படும் நேரம், தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம். கல்பனாசுரம் (அப்போதைக்கப்போது கற்பனையாகப் பாடும் சுரங்கள்) முடிந்ததும் பாடகர் தலையை இந்தப் பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். சிலர் விரலை லேசாக உயர்த்துவார்கள். ஒன்றரை மணி நேரக் கச்சேரி என்றால் அந்தப் பார்வையிலேயே 'சுருக்கமாக' என்ற செய்தியும் இருக்கும். அந்தக் கணத்தில் அரங்கில் ஒரு பகுதி எழுந்து கேன்டீனை நோக்கி நடப்பது இந்த நகரத்தின் பழைய வழக்கம். எனக்கு இதில் முன்போல் வருத்தம் இல்லை. கீரை வடை சூடாக இருக்கும் நேரம் அதுதான் என்பது எனக்கும் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் வாசிக்கிறோம். சென்ற சீசனில் ஒரு சிறிய மண்டபத்தில், முன்வரிசை கிட்டத்தட்டக் காலியாக இருந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு மாமி ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டே இருந்தார். கோர்வை (தனியை முடிக்கும் சொற்கட்டு) மூன்றாம் முறை சுற்றி, அரை இடம் தள்ளியிருந்த எடுப்பில் சரியாக வந்து விழுந்தபோது, பாடகர் பல்லவியை எடுப்பதற்கு முன்பே அவர் அந்தச் சொல்லை உதட்டில் எடுத்துவிட்டார். கடம் வாசித்த நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இனி, கேட்பது. மற்ற மிருதங்கக் கலைஞர்களின் தனியை விட, விளம்ப கால (மெதுவான) கீர்த்தனைக்கு அவர்கள் எதை வாசிக்காமல் விடுகிறார்கள் என்பதையே இப்போது அதிகம் கவனிக்கிறேன். இரண்டு களை சவுக்கத்தில் (மிக மெதுவான நடையில்) பாட்டு நகரும்போது ஒவ்வோர் அட்சரத்தையும் மிருதங்கச் சொற்களால் நிரப்பத் தூண்டும் கையை அடக்கி, அனுபல்லவியின் முடிவில் மட்டும் ஒரு கும்கி (தொப்பியில் எழும் குமுறல் ஒலி) கொடுத்து ஒதுங்குகிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவில் இது பிடிபடாது. மைக் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று வைத்து எல்லாவற்றையும் சமமாக உயர்த்திவிடுகிறது. மேடைக்குப் பக்கவாட்டில் அமர்ந்தால்தான் அந்தக் கை உயர்ந்து, வாசிக்காமல் திரும்புவதைக் காண முடியும். லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடுவது வழக்கம். நாதத்தின் இயல்பான அளவை மறந்துவிடாமல் இருக்க அங்கும் போவேன். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மரபில் வரும் பஜனையில் சற்று தூரம் நடப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒரே நாளில் இரண்டு சபாக்களுக்கு ஒப்புக்கொள்வது மட்டும் இப்போது வேண்டாத வேலை. லஸ் முனையிலும் பனகல் பூங்கா பக்கத்திலும் மெட்ரோ பணிக்காகச் சாலையை மறித்திருப்பதால், மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு இரண்டு மிருதங்கங்களோடு ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் அங்கே தொடக்கப் பாடலான வர்ணம் முடிந்திருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நண்பகல் கச்சேரியின் சன்மானம் போக்குவரத்துக்கே சரியாக இருக்கும்; சில இடங்களில் அதுவும் இல்லாமல் பொன்னாடை மட்டும் உண்டு. வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் மேடைக்காக 'நன்கொடை' கொடுக்கும் சபாக்களும் இருக்கின்றன. அங்கே பக்கவாத்தியக்காரனுக்குத்தான் நல்ல தொகை கிடைக்கும் என்பது ஒரு வேடிக்கை. வீட்டு வாடகை உண்மையில் வகுப்புகளிலிருந்தும், பரதநாட்டிய நிகழ்ச்சிகளிலிருந்தும், கல்யாணக் கச்சேரிகளிலிருந்தும் வருகிறது. சீசன் மேடை என்பது, அடுத்த ஆண்டு யார் நம்மை அழைப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் இடம்.

நாட்டியத்துக்கு நிலைமை நேர் எதிர். அங்கே ஒத்திகை இல்லாமல் ஒன்றும் நடக்காது, நட்டுவாங்கத்தின் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவதன்) ஒவ்வொரு ஜதியும் (சொற்கட்டும்) மனப்பாடமாக வேண்டும். அகாடமியின் நடன விழா ஜனவரித் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், டிசம்பர் கடைசி வாரத்தில் எனக்குக் கச்சேரி இல்லாத மாலைகள் பெரும்பாலும் அந்த ஒத்திகைகளுக்கே போய்விடும். நிம்மதியாக உட்கார்ந்து கேட்க எனக்கு மிஞ்சுவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்கள்தான். நீங்களும் அப்போது சென்னையில் இருந்தால், மாலைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டுத் தேடி அலையாமல் நண்பகல் ஸ்லாட்டுக்கு வாருங்கள். பெரும்பாலான சபாக்களில் அதற்குக் கட்டணமில்லை, பக்கவாட்டு நாற்காலிகளும் காலியாகவே இருக்கும்.