மகனின் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குக் குளியலறை மாற்ற கவுன்சில் காசு தருமா?

தரும். பக்கவாதம் வந்த அம்மாவால் குளியல்தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க முடியவில்லை, ஆனால் நீங்களும் மனைவியும் வேலை செய்வதால் ஒன்றும் கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிழையான கதையை நம்பித்தான் எங்கள் வீடுகளில் எத்தனையோ அம்மாமார் முன்னறைக் கட்டிலில் ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்குப் பெயர் டிஸேபிள்ட் ஃபசிலிற்றீஸ் கிராண்ட். வரிப்பணத்தைச் சுரண்ட வழி சொல்கிறேன் என்று கீழே எழுத நினைப்பவர்களுக்கு: இது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் உரிமை. வருமானம் பார்ப்பார்கள்தான். ஆனால் இயலாமை உள்ளவரின் வருமானத்தையும் அவருடைய துணையின் வருமானத்தையும் மட்டுமே பார்ப்பார்கள். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் விண்ணப்பிப்பது நீங்கள். கணக்குப் பார்ப்பது அம்மாவுக்கு. அவர் பென்ஷன் கிரெடிற்றில் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம்) கரன்ரி பகுதி எடுப்பவரென்றால் அவர் பங்காக ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சேமிப்பில் முதல் 6,000 பவுண்ஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்றால் வருமானமே பார்ப்பதில்லை. உச்சவரம்பு 30,000 பவுண்ஸ். வேல்ஸில் 36,000. ஸ்கொட்லாந்தில் முறையே வேறு.

ஒரு நிபந்தனையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் வாங்கும் கிராண்ட் 5,000 பவுண்ஸைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 10,000 வரை கவுன்சில் வீட்டின் மேல் பதிந்து வைக்கலாம். 10 வருடத்துக்குள் வீட்டை விற்றால் அதைத் திருப்பிக் கேட்கலாம்.

முதல் நாளே இரண்டு இடத்துக்கு அழையுங்கள். ஒன்று, அம்மாவின் தேவையை ஓ.ரி. (ஒக்யுபேஷனல் தெரபிஸ்ற், அன்றாட வேலைகளைச் செய்ய என்ன உதவி வேண்டுமென்று மதிப்பிடுபவர்) வந்து பார்க்கும்படி சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு. மற்றது, விண்ணப்பப் படிவம் கேட்டு கிராண்ட் பிரிவுக்கு. பலர் முதலாவதைச் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கவுன்சில் 6 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற கெடு, முழு விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். தொலைபேசியில் கதைத்த நாள் கணக்கில் வராது. கெடு தாண்டினால் முதலில் கவுன்சிலிடம் எழுத்தில் முறையிடுங்கள், பிறகு கவுன்சில்கள் மேலான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 1,000 பவுண்ஸுக்கு உட்பட்ட கைபிடிகள், சிறு படிகள் போன்றவை அம்மாவின் தேவைக்கு வேண்டியவை என்று கண்டால் இலவசம். அவற்றை ஓ.ரி. வரும் அன்றே கேளுங்கள்.

ஓ.ரி. வரும் நாளில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வந்தவருக்கு முன்னால் அம்மா சேலையைத் திருத்திக்கொண்டு எழுந்து நடந்து காட்டுவார். மகன் ‘அவ சமாளிப்பா’ என்று மொழிபெயர்ப்பார். அறிக்கையிலும் அப்படியே ஏறும். எது மோசமான நாளோ அதைச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், எந்த இடத்தில் விழுந்தார், யார் தூக்கினார். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கவுன்சிலிடம் கேளுங்கள்.

ஒப்புதல் எழுத்தில் வரும்வரை ஒரு ரைலையும் கழற்றாதீர்கள். முன்னரே தொடங்கிய வேலைக்கு கிராண்ட் கிடைப்பது அரிது. தம்பி பில்டராக இருந்தாலும் அவர் எழுதும் பில்லை ஏற்கமாட்டார்கள்.

இனி வேலை. உங்களுடையது பழைய வீடு, குளியலறை மேல்மாடி என்று எடுத்துக்கொள்கிறேன். தொட்டியை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக ஷவர் வைக்கும்போது தண்ணீர் ஓடும் சரிவில்தான் தவறு நடக்கிறது. 40 மில்லிமீற்றர் கழிவுக்குழாய்க்கு மீற்றருக்குக் குறைந்தது 18 மில்லிமீற்றர் இறக்கம் வேண்டும். தரைப்பலகைக்கு அடியில் ஓடும் ஜொயிஸ்ற் மரங்கள் குழாய்க்குக் குறுக்கே இருந்தால் சிக்கல். மரத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் துளை போடக்கூடாது, 175 மில்லிமீற்றர் மரத்தில் அது 43தான். அந்தக் குழாயின் வெளிவிட்டமே கிட்டத்தட்ட அவ்வளவு. அதனால் ஷவரைக் குழாய் போகும் சுவர்ப்பக்கம் தள்ளவேண்டும், இல்லாவிட்டால் கழிவுநீர்ப் பம்ப் வைக்கவேண்டும். விலை கேட்கும்போதே ‘பலகையைத் தூக்கிப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். பார்க்காதவர் பாதியில் மேலதிகக் காசு கேட்பார்.

சுவர் பிளாஸ்ரர்போர்ட் என்றால் மடிக்கும் இருக்கையும் கைபிடியும் வரும் இடத்தில், ரைல் ஒட்டுவதற்கு முன்பே 18 மில்லிமீற்றர் பிளைவுட் பின்னால் போகவேண்டும். பிறகு சொன்னால் ரைலை உடைக்கவேண்டி வரும். கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் அம்மா விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துவிடும். தரைக்கு வழுக்காத வினைல் போட்டுச் சுவரில் 100 மில்லிமீற்றர் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

30,000 என்ற வரம்பு 2008இலிருந்து அப்படியே நிற்கிறது. கீழ்மாடியில் அறையும் குளியலறையும் புதிதாகக் கட்ட இன்று அது போதாது. கூடுதல் தொகை கொடுக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கொள்கைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இத்தனை பாடுபட்டுச் செய்தாலும், எங்கள் கல்யாண மண்டபங்களில் எத்தனையோ வாசல்களில் இன்னும் படிதான். 150 மில்லிமீற்றர் படிக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில், 1.8 மீற்றர் ரம்ப் (சாய்வுப் பலகை) போதும். மணவறைப் பூ அலங்காரத்துக்குச் செலவழிக்கிறவர்கள், மண்டபம் பதியும்போதே அதை வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.