பயணப் புள்ளிகளைச் சேர்க்கும் பொழுதுபோக்கைத் தமிழில் எப்படி அழைப்பது?

விமானப் பயணம், கிரெடிட் கார்டு, ஓட்டல் அறை என்று கிடைக்கிற இடமெல்லாம், பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய சலுகைப் புள்ளிகளைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்குக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘பயணப் புள்ளி சேர்ப்பது’ என்று சொல்லுங்கள். படிவத்தில் எழுதப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘பயணப் புள்ளி சேர்ப்பு’ என்று எழுதலாம். ஆங்கிலத்தில் புழங்கும் ‘டிராவல் ஹேக்கிங்’ என்ற பெயரை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்; ஹேக்கிங் என்றால் கணினிக்குள் புகுந்து திருடுவது என்றுதான் பலருக்கும் தோன்றும். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

உங்களிடம் யாரோ பொழுதுபோக்கு என்னவென்று கேட்டிருப்பார்கள். நீங்கள் விளக்கத் தொடங்கியதும் அவர்கள் முகம் மாறியிருக்கும். இந்தக் கேள்வி அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். எனக்கு அது ஒரு குடும்ப விசேஷத்தில் நடந்தது. மாமா மகன் என்னைப் பலர் நடுவில் காட்டி, “இவன் ஹேக்கிங் செய்துதான் ஊர் ஊராகப் பறக்கிறான்” என்றான். பெருமையாகத்தான் சொன்னான். கேட்டவர்களும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். கூட்டம் கலைந்தபின் என் கையைப் பிடித்து ஓர் ஓரமாக அழைத்துப் போய், “ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டாயா? பணம் வேண்டுமென்றால் என்னிடம் கேட்கக் கூடாதா?” என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. ஒரு மாதம்கூடக் கார்டுப் பாக்கி வைக்காத என்னை என் பெரியப்பாவே திருடன் என்று நினைக்கும்படி ஆனது. ஒரு சொல் செய்த வேலை அது.

மறுநாளே என் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேதி, எந்தக் கார்டு, எவ்வளவு செலவு, எத்தனை புள்ளி, காலாவதியாகும் நாள் என்று ஐந்து பத்திகள். நோட்டின் மேலட்டையில் ‘பயணச் சேமிப்பு’ என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். காலாவதிப் பத்தியில் பென்சில் நின்றது.

“இதற்கு வட்டி உண்டா?”

“இல்லை பெரியப்பா.”

“மதிப்பைக் குறைத்தால் நீ கேள்வி கேட்க முடியுமா?”

“முடியாது. விதிமுறையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.”

“அப்படியானால் மேலட்டையில் இருப்பதை அடித்துவிடு. இது சேமிப்பு இல்லை. ஏதோ ஒரு காரியத்துக்காகச் சேர்க்கிறாய். சேர்ந்ததும் அந்தக் காரியத்தை முடித்துவிடு.”

திருட்டு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த நிம்மதியில், அவர் சொன்ன மற்றதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது என் கணக்கில் 62,000 புள்ளிகள் இருந்தன. அம்மா அக்காவைப் பார்க்கப் போக, படுத்துக்கொண்டே செல்லக்கூடிய பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு 60,000 போதும். அம்மாவுக்கு மூட்டு வலி. அந்த இருக்கைக்காகவே நான்கு ஆண்டுகள் சேர்த்தேன். ஆனாலும் திரும்பி வருவதற்கும் சேர்ந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். சேமிப்பு என்று நினைத்ததால்தானே காத்திருந்தேன்? வங்கியில் கிடக்கும் பணத்தைப்போல அது அங்கேயே இருக்கும் என்று நம்பினேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் அதே இருக்கைக்கு 85,000 கேட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அம்மா சாதாரண வகுப்பில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்தபடியே போனார். விமான நிலையத்தில் அக்கா எடுத்து அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அதனால்தான் இந்தச் சொற்களில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். தபால்தலையைச் சேகரிக்கிறோம், அது கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பணத்தைச் சேமிக்கிறோம், அவசரத்துக்கு உதவும் என்று நம்புகிறோம். வீடு கட்டவும் படிப்புக்கும் பணம் ‘சேர்க்கிறோம்’. சேர்ப்பதில் செலவும் உள்ளேயே இருக்கிறது. நான் மொழி படித்தவன் இல்லை, அறிஞர்கள் வேறு சொல்லலாம். ஆனால் இந்தப் புள்ளிகளின் குணத்துக்கு மூன்றாவது சொல்தான் பொருந்துகிறது.

‘மைல் சேர்ப்பு’ என்று சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் அது சரியாக இருந்தது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏஅட்வான்டேஜ்’ என்ற பயணிகள் சலுகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரம்தான் கணக்கு. யுனைடெட் என்ற இன்னொரு விமான நிறுவனம் சில நாள்களிலேயே தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2015-ல் டெல்டா விமான நிறுவனமும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும், தூரத்தை விட்டுவிட்டுக் கட்டணத்துக்கு ஏற்ப மைல் கொடுக்கத் தொடங்கின. பெயரில் மைல் இருக்கிறது, கணக்கில் இல்லை. வீட்டு வாசலைத் தாண்டாமல் கார்டில் செலவழித்தே பெரும்பகுதியைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே புள்ளி என்பதே பொருத்தம்.

இனி, இது எல்லாமே ஏமாற்று வேலைதான் என்று எழுத வருபவர்களுக்கு. 1999-ல் அமெரிக்காவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், ஓர் உணவு நிறுவனத்தின் பொட்டலக் குறியீடுகளை அனுப்பினால் மைல் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்தார். அதில் மலிவான பொருள் புட்டிங் என்று கண்டுபிடித்து, சுமார் 3,140 டாலருக்கு 12,150 கிண்ணங்கள் வாங்கினார். தனியாக எல்லாவற்றையும் உரித்து முடியாது என்று, ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் புட்டிங்கைக் கொடுத்து, அவர்களையே குறியீடுகளை உரித்துத் தரச் சொன்னார். பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள் வந்தன. இதில் எந்தப் பூட்டை உடைத்தார்? நிறுவனமே போட்ட விளம்பரத்தை எல்லாரையும்விடக் கவனமாகப் படித்தார், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, அஞ்சல் செலவையும் தானே ஏற்று விற்றது. சிலர் கார்டில் பெட்டி பெட்டியாக வாங்கி, அப்படியே வங்கியில் கட்டிவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் நாணயச் சாலை கார்டுக்கு விற்பதையே நிறுத்திவிட்டது. அது பொதுப்பணம். அதை நான் செய்திருக்க மாட்டேன். புதிய கார்டுக்குக் கிடைக்கும் வரவேற்புப் புள்ளிக்காகவே கார்டு எடுத்து, வந்ததும் மூடிவிட்டு அடுத்ததுக்குத் தாவுவதும் வேறு சங்கதி. அதற்குக் ‘கார்டு சுழற்றல்’ என்று தனிப்பெயர் கொடுங்கள். பாக்கி வைத்து, வட்டி கட்டிப் புள்ளி வாங்குபவர்களுக்குப் பெயர் தேவையில்லை. அவர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

பெயர் என்றதும் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அம்மாவுக்கு ஒற்றைப் பெயர். உறுப்பினர் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறது. வேறு வழியில்லாமல் இரண்டிலும் அதே பெயரை எழுதினோம். டிக்கெட்டில் ஒரு முறைதான் இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று அந்தப் பயணத்தின் புள்ளிகளைத் தர மறுத்தார்கள். ஆறு மாதம் கடவுச்சீட்டு நகலை அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர், புதிதாக அதே கேள்வி. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். ஒரு நாட்டை ஆண்டவருக்குப் போதுமான பெயர் ஒரு படிவத்துக்குப் போதாதா? பிறந்தபோது வைத்த பெயரைத் தவறு என்று ஒரு கணினி என் அம்மாவிடம் சொல்வதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போகட்டும். படிவத்தில் ‘பயணப் புள்ளி சேர்ப்பு’ என்றே எழுதுங்கள். யாராவது நேரில் கேட்டால் எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் இப்போது, “அம்மாவின் அடுத்த பயணத்துக்குப் புள்ளி சேர்க்கிறேன்” என்கிறேன். இன்னும் 9,000 வேண்டும். வந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுவேன், போவதற்கு மட்டுமானாலும் சரி.