காட்டில் அசடு வழிந்த விருந்தாளி: கேள்வி பதில்

முப்பது வருசம் இலங்கையின் யாலை, வில்பத்துக் காடுகளுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போனவன் நான். அதற்கு முன் அப்பாவின் தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு வயல் வயலாக அவர் பின்னால் நடந்தவன். வேட்டைக்கோ காடு பார்க்கவோ போய் விருந்தாளிகள் விடும் பிழைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்து குவிந்ததில் பாதி இறைச்சி பற்றித்தான். சரி, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, வந்த வரிசையிலேயே போவோம்.

வெள்ளவத்தை: அங்கிள், கனடாவில் இருக்கும் மைத்துனர் நவம்பரில் மான் வேட்டைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். நான் துவக்குத் தொட்டதே இல்லை. மானம் போகாமல் திரும்பி வர வழி சொல்லுங்கள்.

தம்பி, முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, "எனக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா?" என்பது. அங்கே மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. பத்திரம் கையில் இல்லாமல் துவக்கைப் பிடித்துப் படம் எடுப்பதுகூட வேண்டாம். "சும்மா ஒரு வெடி வையுங்கோ அத்தான்" என்பார்கள். சிரித்துக்கொண்டே தேத்தண்ணிப் போத்தலைக் கையில் எடுங்கள்.

அடுத்தது உடுப்பு. கண்ணைக் கூசும் செம்மஞ்சளில் ஒரு மேலங்கி தருவார்கள். றோட்டு வேலைக்காரன் மாதிரி இருக்கிறதே என்று கழற்றிவிடாதீர்கள். பக்கத்துப் பற்றைக்குள் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரனுக்கு நீங்கள் மனிதன் என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் அது. மானுக்கு அந்த நிறம் மங்கல்தான். நிறம் பிரிக்க நமக்குக் கண்ணில் மூன்று வகைக் கலங்கள், மானுக்கு இரண்டு. ஆனால் நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். செம்மஞ்சள் அங்கிக்குக் கீழே புத்தம் புது நீல ஜீன்ஸோடு வந்து நிற்பவரைத் தூரத்திலேயே விருந்தாளி என்று சொல்லிவிடலாம்.

நிறத்தைவிட மோசம் வாசனை. மான் உங்களைக் காண முன்னமே மணந்துவிடும். குளிருக்கு நெஞ்சில் சித்தாலேப என்ற நெடி அடிக்கும் தைலத்தைத் தடவிக்கொண்டு போனீர்கள் என்றால், காற்று போகும் பக்கத்தில் ஒரு வாலைக்கூடக் காணமாட்டீர்கள். மைத்துனர் உங்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். உங்கள் மனைவியிடம் சொல்லுவார்.

கொட்டாஞ்சேனை: வேட்டையில் விருந்தாளி விடக்கூடிய ஆகப் பெரிய பிழை எது, ஐயா?

துவக்கின் வாய் எங்கே பார்க்கிறது என்பதை மறப்பது.

எனக்கு அப்போது பத்து வயசு. மாரி தொடங்கினால் சிலாபத்துக்கு இந்தப் பக்கத்து வயல்களில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கும். அப்பாவிடம் பத்திரத்தோடு ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. ஒரு நாள் அவருடைய அலுவலகப் பெரியவர் ஒருவர் வெள்ளைக் காற்சட்டையோடு விருந்தாளியாக வந்தார். வரம்பில் நடக்கும்போது தோட்டாவைக் கழற்றி, துவக்கை மடித்துப் பிடிக்க வேண்டும். பெரியவருக்கு இதை யார் சொல்வது? வரம்பு வழுக்கிற்று, துவக்கின் வாய் ஒரு சாண் சேற்றுக்குள் போயிற்று. மனுசன் எழும்பிக் காற்சட்டையைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த உள்ளானுக்குக் குறிபார்த்தார். அப்பா பாய்ந்து கையைப் பிடித்த அந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. குழலுக்குள் சேறு அடைத்திருக்க வெடி வைத்தால் குழலே பிளந்து முகத்துக்கு வரும். அப்பா ஒரு சொல்லும் பேசாமல் தோட்டாவை எடுத்து, ஒரு தடியால் சேற்றைத் தள்ளிவிட்டு, துவக்கைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பெரியவர் மிச்ச நேரம் என்னோடு தோட்டாப் பை சுமந்தார். அந்த வருசம் அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2006 பெப்ரவரி 11, அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் சேனி டெக்சாஸில் ஒரு பண்ணைக்குக் காடை சுடப் போயிருந்தார். கூட வந்த ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞர், விழுந்த பறவையைத் தேடப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். சேனி பறந்த காடைக்குப் பின்னாலேயே துவக்கைத் திருப்பிக்கொண்டு போய் வெடி வைக்க, சன்னங்கள் விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் ஏறின. மூன்று நாளில் லேசான மாரடைப்பும் வந்தது. ஆள் தப்பினார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் சேனி குடும்பம் பட்ட கஷ்டத்துக்கு மனம் வருந்துவதாகச் சொன்னவர் யார் தெரியுமா? வெடி வாங்கிய விட்டிங்டன்! போதாக்குறைக்கு, சேனியின் பத்திரத்தில் காடைக்கென்று இருக்க வேண்டிய 7 டொலர் முத்திரையும் இல்லை என்று தெரியவந்தது. குரல் கொடுக்காமல் வந்தவரில்தான் பிழை என்று அந்த நேரம் சிலர் வாதாடினார்கள். எனக்கு அது ஏறாது. பறவைக்குப் பின்னால் வானம் தெரியவில்லை என்றால் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டியது சுடுகிறவன்.

தெஹிவளை: வில்பத்துப் பக்கம் மான் இறைச்சி எங்கே வாங்கலாம்?

எங்கேயும் வாங்கக் கூடாது. 1937இல் வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. மானோ மரையோ, சுடுவதும் குற்றம், இறைச்சியை விற்பதும் குற்றம். ஒரு முறை என் விருந்தாளி ஒருவர் வாசலில் நின்ற வனஜீவராசிகள் உத்தியோகத்தரிடமே மரை வத்தல் விலை கேட்டார். அன்று நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

வத்தளை: யாலைக்குப் போக என்ன நிறச் சட்டை நல்லது?

மண்நிறம், மங்கல் பச்சை. ஆனால் ஜீப்புக்குள் இருக்கிற உங்கள் சட்டையைவிட உங்கள் வாய்தான் காட்டைக் குழப்பும். வாசனைத் தைலமும் வேண்டாம்.

கிருலப்பனை: சென்னையிலிருந்து வந்த நண்பரை வில்பத்துவுக்குக் கூட்டிப்போனேன். மரத்தில் படுத்திருந்ததைக் கண்டு "புலி! புலி!" என்று கத்திவிட்டார். அது இறங்கி ஓடிற்று. சாரதி சிரித்தார். ஏன் சிரித்தார்?

கத்தியதற்குச் சிரித்திருக்கமாட்டார். அதற்கு அழுதிருப்பார். இலங்கையில் புலி கிடையாது, அதற்குச் சிரித்திருப்பார். நம் காட்டில் இருப்பது சிறுத்தை. இங்கே அதற்கு மேல் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை, அதனால் அதுதான் ராசா.

மருதானை: நானா, கதிர்காமத்துக்குப் புத்தல வழியாகப் போகும்போது யானை றோட்டை மறித்து நின்றது. பயத்தில் மகன் வாழைப்பழச் சீப்பைத் தூக்கி எறிந்தான். பிழையா?

பிழைதான். உங்களுக்கு முன்னால் போன ஆயிரம் பேரும் அப்படி எறிந்ததால்தான் அது அங்கே நிற்கிறது. சாப்பாடு கொடுப்பது தடை. ஒன்றும் எறியாதவனின் வானுக்குள் நாளைக்குத் தும்பிக்கையை விட்டுத் தேடும். தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், பின்னால் எடுக்க இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளி (பிறந்தது நெடுங்கேணி): புலி கிடையாது என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? எங்கள் ஊரில் என் பாட்டனார் காலத்திலிருந்து அதைப் புலி என்றுதான் சொல்கிறோம். மாட்டைப் புலி பிடித்தது என்போமே தவிர, ஒருவரும் சிறுத்தை பிடித்தது என்று சொல்லமாட்டார்.

ஐயா, ஊர்வழக்கை நான் மறுக்கவில்லை. சிங்களத்திலும் இதே கதைதான். கிராமத்தில் கொட்டியா என்றே சொல்லிப் பழகியவர்கள் நிறையப் பேர், புத்தகத்தில் திவியா. விஞ்ஞானப் பெயரிலேயே பாருங்கள், நம் சிறுத்தையின் கிளையினத்துக்கு பாந்தெரா பார்டஸ் கொட்டியா என்று பெயர் வைத்தவர் பி. இ. பி. தெரணியகல, 1956இல். நான் சொல்ல வந்தது, உடம்பில் வரி ஓடுகிற அந்தப் பெரிய மிருகம் இங்கே இல்லை என்பதுதான்.

பம்பலப்பிட்டி: மட்டக்குளி ஐயா சொல்வது சரி. ஏ9 வீதியில் புளியங்குளம் என்று ஊரே இருக்கிறதே?

தம்பி, அது புளி. ரசத்துக்குப் போடுவது.

கல்கிசை: தமிழ்நாட்டில் பலர் சிறுத்தை என்று சீட்டாவைச் சொல்கிறார்கள். அப்படியானால் நீங்கள் சொல்வதும் பிழைதானே?

சீட்டாவுக்குச் சிவிங்கி என்று அழகான பெயர் இருக்கிறது. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க்கோடு, உடம்பில் பொட்டுப் பொட்டாக நிறைந்த புள்ளி. சிறுத்தைக்குப் புள்ளிகள் பூ மாதிரி வளையமாக இருக்கும். இந்தியாவில் சிவிங்கி அழிந்துவிட்டதாக 1952இல் அறிவித்தார்கள். 2022இல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டார்கள். இலங்கைக் காடுகளில் அது இல்லை. இதோடு இந்தப் பேச்சை விடுவோம்.

மட்டக்குளி: விட முடியாது. வரி இருந்தால்தான் புலி என்று எந்தத் தமிழ்ச் சட்டத்தில் இருக்கிறது? வரிப்புலி என்று தனியாகச் சொல்கிறோம் என்றால், வரி இல்லாத புலியும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சிறுத்தைப்புலி என்ற சொல்லை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

இது நல்ல அடி. எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஜீப்புக்குள் சென்னைக்காரர் இருக்கும்போது புலி என்று சொன்னால் அவர் வரியைத் தேடுவார், ஐயா. அதனால்தான் நான் சிறுத்தை என்கிறேன்.

நாரஹேன்பிட்டி: கொம்பில்லாத யானை பெண் யானைதானே?

இல்லை, தங்கச்சி. ஜீப்பில் இதை உரக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாத விருந்தாளி இல்லை. இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது. தந்தம் உள்ளது கொம்பன், இல்லாத ஆண் அலியன். நெற்றி மேட்டையும் தும்பிக்கை அடியின் பருமனையும் பாருங்கள். கன்னத்தில் எண்ணெய் வடிந்தால் மதம், அப்போது கொம்பு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

தெஹிவளை: மரை இறைச்சி?

மானுக்குச் சொன்னதுதான்.

பொரளை: ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாரதியை வேறு இடத்துக்குப் போகச் சொல்லலாமா? பிள்ளைகளுக்குப் பசி.

இதற்கு ஒரு ஜனாதிபதியின் கதை இருக்கிறது. 1902 நவம்பர். அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி ஆளுநரின் அழைப்பில் கரடி வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்தவர், காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர். "இந்த இடத்தில் இருங்கள், கரடியை இங்கே கொண்டுவந்து விடுகிறேன்" என்று இடம் காட்டிவிட்டு நாய்களோடு போனார். மணிக்கணக்காக ஒன்றும் வரவில்லை. ஜனாதிபதிக்குப் பசித்தது, முகாமுக்குச் சாப்பிடப் போய்விட்டார். காலியர் சொன்னபடியே கரடியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே ஆள் இல்லை. கரடி ஒரு நாயைப் பிடித்துக்கொண்டது. ஜனாதிபதிக்கென்று வைத்த கரடியைச் சுடவும் முடியாமல், காலியர் துவக்கின் பின்பக்கத்தால் தலையில் அடித்து, கயிறு போட்டு மரத்தில் கட்டினார். சாப்பாடு முடிந்து வந்த ரூஸ்வெல்ட், கட்டிய கரடியைச் சுடமாட்டேன் என்றார். காயப்பட்ட கரடியைக் கத்தியால் முடித்துவைத்தார்கள். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது, அதிலிருந்து டெடி பொம்மை வந்தது. உலகம் அவருடைய கருணையைப் பேசிற்று. எனக்கு ஒவ்வொரு முறையும் காலியரைத்தான் நினைவு வரும். மனுசன் சொன்னதைச் சொன்னபடி செய்தார், விருந்தாளி சோற்றுக்கு எழும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு மாரி பிஸ்கட் கொண்டுபோங்கள். சரசரக்கும் பையை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போடுங்கள். சாரதி நிறுத்தினால் காரணம் இருக்கும்.

பம்பலப்பிட்டி: நண்பர்கள் தென்னாபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார்கள். நான் கூடப்போய்ப் படம் மட்டும் முகநூலில் போட்டால் பிரச்சினையா?

ஸ்பெயினின் அன்றைய அரசர் ஹுவான் கார்லோஸ் படம்கூடப் போடவில்லை. 2012 ஏப்ரலில் பொட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, அதால் விசயம் வெளியே வந்தது. நாடு கடனில் தத்தளித்த நேரம். வனவிலங்கு அமைப்பு ஒன்றின் ஸ்பெயின் கிளைக்கு அவர்தான் கௌரவத் தலைவர் வேறு. ஊன்றுகோலோடு நின்று, பிழை விட்டுவிட்டேன், இனி நடக்காது என்று தொலைக்காட்சியில் சொன்னார். தலைவர் பதவியும் போயிற்று. நீங்கள் அரசரும் இல்லை. யோசியுங்கள்.

வத்தளை: தொப்பி என்ன நிறம்?

சட்டை நிறம்.

மட்டக்குளி: தம்பி, கடைசியாக ஒன்று. நான் ஊரை விட்டு வந்து நாற்பது வருசம். கொழும்பில் இருந்துகொண்டு புலிக்காக வாதாடுகிறேனே தவிர, அதற்குப் பிறகு ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

ஐயா, வருகிற சனிக்கிழமை வில்பத்துவுக்கு ஒரு வண்டி போகிறது, முன் இருக்கை உங்களுக்கு. ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்க வேண்டும், அதனால் இரவு ஒன்றரைக்கே வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடுவோம். கண்டால் நீங்கள் புலி என்றே சொல்லுங்கள், என் காதுக்குள். முழங்காலுக்கு சித்தாலேப மட்டும் வேண்டாம்.

தெஹிவளை: பன்றி இறைச்சியாவது?

இல்லை.