உம்மாவின் மனக்கவலையை ரேடார் பெட்டி சொல்லுமா?

கேள்வி: நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். வாப்பா மௌத்தான பிறகு கீழக்கரை வீட்டில் உம்மா தனியாக இருக்கிறார்கள். பல வருடங்களாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கேமரா வைக்க உம்மா சம்மதிக்கவில்லை. உடலைத் தொடாமல், படம் எடுக்காமல், உம்மா சோகமாக இருந்தால் என் போனுக்குச் செய்தி அனுப்பும் ரேடார் பெட்டி என்று ஒரு ஏஜெண்ட் 42,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் தொழில்நுட்பம் உண்மையானதுதான்; ஏஜெண்ட் அதன் பெயரால் விற்கும் வாக்குறுதிதான் பிரச்சினை.

பெட்டி அனுப்பும் ரேடியோ அலை உம்மாவின் மார்பில் பட்டுத் திரும்புகிறது. மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர் அசையும். இதயத் துடிப்பில் அசைவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 5 மில்லிமீட்டர்தான் என்பதால், அந்தச் சிற்றசைவும் திரும்பி வரும் அலையில் பதிந்துவிடும். மண்டபம், பாம்பன் விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர், அடியில் மீன் கூட்டம் இருப்பதைக் காட்டுமே தவிர அதற்குப் பசியா பயமா என்று காட்டாது. இந்தப் பெட்டியும் அவ்வளவுதான். மூச்சு, துடிப்பு, ஆள் அறையில் இருக்கிறாரா என்பவற்றை அது அளக்கிறது. சோகம் என்பது அந்த அளவுகளை வைத்து மென்பொருள் செய்யும் ஊகம்.

ஏஜெண்ட் உங்களிடம் 87 சதவீதம் துல்லியம் என்று சொல்லியிருப்பார். அந்த எண் 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஈ.க்யூ. ரேடியோ’ ஆய்விலிருந்து வருகிறது. அதில் பங்கேற்ற 12 பேர், மகிழ்ச்சி, இன்பம், சோகம், கோபம் என்ற நான்கு நிலைகளைத் தங்கள் நினைவுகளின் உதவியால் தாங்களே வரவழைத்துக்கொண்டு கருவியின் முன் அசையாமல் உட்கார்ந்தார்கள். அதே ஆட்களின் பதிவுகளைக் கொண்டு முன்கூட்டியே பயிற்றப்பட்ட கருவிக்குத்தான் 87 சதவீதம் கிடைத்தது. முன்பின் அறியாத ஆளிடம் அது 72 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. சில நிமிடங்களுக்கு வரவழைத்த சோகமும், கணவரை இழந்த ஒருவர் மாதக்கணக்கில் சுமக்கும் துயரமும் ஒன்றல்ல. இதயம் படபடப்பைக் காட்டும். அது கோபமா சந்தோஷமா என்பதைத் தெளிவாகக் காட்டாது. இஷா தொழுதுவிட்டு உம்மா தஸ்பீஹ் ஓதிக்கொண்டு அமைதியாக இருப்பதும், மனம் ஒடிந்து அசையாமல் இருப்பதும் பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியலாம்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. எந்த விளம்பரத்திலும் இது இருக்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஊகத்தின் அடிப்படை, அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதே. பல வருடச் சர்க்கரை நோய் இதயத்தைக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளைப் பாதிக்கக்கூடும். அப்போது அந்த ஏற்ற இறக்கமே மங்கிவிடும். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை எடுப்பவரின் துடிப்பை மருந்தே அடக்கி வைத்திருக்கும். இதயத் துடிப்பே ஒழுங்கற்றதாக இருப்பவரிடம், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் உள்ளவரிடம், இடைவெளிக் கணக்கு அடியோடு பொருளற்றது. பேஸ்மேக்கர் துடிப்பை நடத்துபவரிடமும் அப்படியே. உம்மாவின் மாத்திரைச் சீட்டை ஏஜெண்ட் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

மின்விசிறியும் கச்சான் காற்றில் ஆடும் திரைச்சீலையும் கூட அலையைத் திருப்பி அனுப்பும். கடலோர வீட்டில் இரண்டையும் நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. அறையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தாலும் குழப்பம்தான்.

இந்த ஏஜெண்டுகளின் வழக்கம் எனக்குப் பழக்கமானது. முதலில், தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. சான்றிதழை நீட்டி ‘அரசு அங்கீகாரம்’ என்பார்கள். பெட்டியின் அலைவரிசையும் திறனும் விதிக்குள் இருக்கின்றன என்பதற்கு மட்டுமே அந்தக் காகிதம். சோகத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அடுத்து, தானே பெட்டியின் முன் உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு விட்டு, திரையில் ‘கோபம்’ என்று வரவைத்துக் காட்டுவார்கள். பிறகு ‘சோகம் 82%’ என்ற செய்தி வரும். அது உம்மா எவ்வளவு சோகமாக இருக்கிறார்கள் என்ற அளவல்ல, மென்பொருள் தன் ஊகத்துக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். மனச்சோர்வைக் கண்டறியும் என்று சொன்னால் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிடும் என்பதால், பெட்டியின் மேல் ‘நலவாழ்வுச் சாதனம்’ என்று அச்சடித்துவிட்டு, வாயால் மட்டும் நோயைப் பற்றிப் பேசுவார்கள். வாயால் சொன்னதை யார் சோதிப்பது? ஐரோப்பிய ஒன்றியம் வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய உணர்ச்சிக் கணிப்பை 2025 பிப்ரவரி முதல் தடை செய்துவிட்டது; இங்கே அலைவரிசைக்கு ஒரு அலுவலகம், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் ஒரு அலுவலகம் என்று கோப்புகள் பிரிந்து கிடக்க, விற்பவர் இரண்டுக்கும் நடுவே நடந்து போய்விடுகிறார். 2001-இல் உங்கள் ஊருக்கு அருகே ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகும், இந்தக் கரையோரத்தில் மனநலம் என்றால் மருத்துவருக்கு முன்னால் வேறு யாராவது வந்து நிற்பது மாறவில்லை.

உம்மா இரவில் விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்பது உங்கள் கவலையானால், ஆள் நடமாட்டத்தையும் விழுதலையும் மட்டும் காட்டும் ரேடார் பயன்படலாம். அப்போதும் உம்மாவிடம் விளக்கிச் சம்மதம் பெறுங்கள். கேமராவை மறுத்தவருக்கு இதையும் மறுக்க உரிமை உண்டு. தூக்கம், பசி, பேச்சு ஆகியவை குறைந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி என்றால், அதை அன்றாடம் வந்து போகும் உறவுக்காரரிடம் கேளுங்கள். குறைந்திருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

முன்பணத்தை விட்டுவிட வேண்டாம். பெட்டி சோகத்தைக் கண்டறியும் என்று ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் எழுதியது, பேசியது எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் உம்மாவின் உறவினர் ஒருவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை ‘ஈ-ஜாக்ரிதி’ தளத்தில் ஷார்ஜாவிலிருந்தே நீங்கள் தாக்கல் செய்யலாம்.