கிளாஸ் கூடக் கூட மறதியும் கூடுதே டீச்சர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், என்ர மகன் 4ஆம் ஆண்டு, அடுத்த வருஷம் ஸ்கொலஷிப் பரீட்சை. ஸ்கூல் முடிஞ்சு வேனில வந்து இறங்க 2 மணி, 3 மணிக்கு ஒரு டியூஷன் கிளாஸ், 5.30க்கு இன்னொண்டு, சனி ஞாயிறும் கிளாஸ்தான். இரவு 10.30 மட்டும் நானும் பக்கத்தில இருந்து படிப்பிக்கிறன். அப்ப கேட்டா எல்லாம் பாடமாச் சொல்லுறான், அடுத்த கிழமை பேப்பர் செய்யவிட்டா ஒண்டும் ஞாபகம் இல்ல. இதால இவன்ர அப்பாவுக்கும் எனக்கும் ஒவ்வொரு நாளும் சண்டை. என்ர பிள்ளை மொக்கா டீச்சர்?
– ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, மொக்கு இல்லை. அந்தச் சொல்லை இண்டையில இருந்து வீட்டில ஒருத்தரும் சொல்லாதேங்கோ, பிள்ளைக்குக் கேக்காது எண்டு நினைச்சு குசினிக்குள்ள நிண்டும் சொல்லாதேங்கோ.

இரவு சொல்லுறான், ஒரு கிழமையில மறக்கிறான் எண்டு எழுதியிருக்கிறீங்கள். உங்களுக்கும் எனக்கும் அப்பிடித்தான் நடக்கும். எபிங்ஹாஸ் எண்ட ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில எவ்வளவு மறக்குது எண்டு அளந்து 1885லயே எழுதி வைச்சவர். முதல் சில மணித்தியாலத்திலயும் முதல் நாளிலயும்தான் மறதி கூட, பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஒரே இருப்பில திருப்பித் திருப்பிப் படிக்கிறதைவிட சில நாளாப் பிரிச்சுப் படிச்சா நிக்கும் எண்டதையும் அவர்தான் கண்டுபிடிச்சவர்.

2006ல ரோடிகர், கார்பிக்கி எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கம்பஸ் பிள்ளைகளை வைச்சு ஒரு சோதனை செய்தவை. ஒரு குழு பாடத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சது, மற்றக் குழு ஒருக்கா வாசிச்சிட்டு மூடி வைச்சு ஞாபகத்தில இருந்து எழுதினது. 5 நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்ச ஆக்கள்தான் முன்னுக்கு, ஆனா ஒரு கிழமை கழிச்சுக் கேக்கேக்க எழுதிப்பாத்த ஆக்கள் முன்னுக்கு வந்திட்டினம். இரவு 10.30க்கு உங்கட மேசையில நீங்கள் பாக்கிறது அந்த 5 நிமிஷ ஞாபகத்தைத்தான் அம்மா, அதைப் பாத்து நம்பிப்போட்டு அடுத்த கிழமை ஏமாறுறீங்கள்.

அதால இப்பிடிச் செய்து பாருங்கோ. புத்தகத்தை மூடி வைச்சிட்டு ஒரு வெறும் தாளைக் குடுத்து, இண்டைக்குச் சுற்றாடல் பாடத்தில என்ன படிச்சனீ, ஞாபகம் வாறதை எழுது, கீறினாலும் சரி எண்டு சொல்லுங்கோ. பிழையா எழுதட்டும், இடையில திருத்தாதேங்கோ. முடிஞ்ச பிறகு அவனே புத்தகத்தைத் திறந்து விட்டதுகளைப் பாக்கட்டும். அதே பாடத்தை நாளைக்கு ஒருக்கா, மூண்டு நாளில ஒருக்கா, அடுத்த கிழமை ஒருக்கா. ஒவ்வொருக்காலும் 10 நிமிஷம் காணும்.

நித்திரையைப் பற்றி நீங்கள் ஒண்டும் எழுதேல்ல, ஆனா எனக்கு உங்கட கடிதத்தில அதுதான் கண்ணில பட்டது. 10.30க்கு மேசையால எழும்பி, முகம் கழுவிப் படுக்க 11 மணி, வேனுக்காக 5 மணிக்கு எழுப்புவீங்கள் எண்டு வைச்சாலும் 6 மணித்தியாலம்தான். 6 வயசில இருந்து 12 வயசு மட்டும் ஒரு பிள்ளைக்கு 9 தொடக்கம் 12 மணித்தியாலம் நித்திரை வேணும் எண்டு மருத்துவ ஆக்கள் சொல்லுகினம். பகல் படிச்சதை மூளை பதிச்சு வைக்கிறது நித்திரையிலதான், அதை வெட்டிப்போட்டு இன்னொரு கிளாஸ் போட்டு என்ன பலன்? நான் காலமை 6.15 போல காலி வீதியில நடக்கிறனான், சிக்னலில நிக்கிற ஸ்கூல் வேனுகளுக்குள்ள பாத்தா கழுத்தில டையோட, கன்னம் கண்ணாடியில அமத்தி, கையில பாதி கடிச்ச பணிஸோட பிள்ளைகள் நித்திரை. எனக்கு நெஞ்சுக்க என்னவோ செய்யும்.

இன்னொண்டு, கண்ணையும் காதையும் ஒருக்கா செக் பண்ணுங்கோ. நான் படிப்பிச்ச காலத்தில ஒரு பிள்ளை போர்டில 3 எழுதினா கொப்பியில 8 எழுதும், வீட்டில கவனமில்லை எண்டு அடி. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் அது என்னட்ட வந்து, "டீச்சர், உங்கட சாறியில சின்னச் சின்னப் பூ இருக்கு" எண்டிச்சு. அந்தச் சாறியை நான் அந்த வருஷம் முழுக்கக் கிழமைக்கு ஒருக்காக் கட்டினனான். கரும்பலகைக்குக் கிட்ட இருத்திப் பாக்கவேணும் எண்டு எனக்கும் தோணேல்லயே எண்டு இண்டைக்கும் கவலைதான். காதிலயும் அப்பிடித்தான், அடிக்கடி தடிமன் பிடிக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டி நிண்டா பாதிதான் கேக்கும், நாங்கள் சொல்வழி கேக்காத பிள்ளை எண்டு ஏசுவம்.

கடைசியா அந்தச் சண்டை. பயந்துகொண்டிருக்கிற பிள்ளை மனதில ஒரே நேரத்தில வைச்சிருக்கக்கூடியது குறைஞ்சுபோகும், பாதி இடத்தை அப்பாவின்ர குரல் பிடிச்சிடும், மிச்சத்தில என்னண்டு கணக்குச் செய்யிறது? 5.30 கிளாஸை நிப்பாட்டுங்கோ. மகனை மெரின் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, 8 மணிக்குப் படுக்கவிடுங்கோ, ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்கோ.

கேள்வி: மிஸ், மகளுக்கு 4 வயசு. மொன்டிசூரியில வீட்டிலயும் இங்கிலீஷ்ல பேச சொல்றாங்க. எனக்கும் வைஃபுக்கும் அவ்வளவா இங்கிலீஷ் வராது. பாட்டியோட தமிழ்ல வாய் ஓயாம பேசின புள்ள இப்ப "கம், ஈட், ஸ்லீப்"னு மட்டும் சொல்லுது. நாங்க செய்றது சரியா?
– ஒரு அப்பா, கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, நாளைக்குக் காலமையில இருந்தே தமிழ்ல கதையுங்கோ. உங்களுக்கு எந்த மொழியில கோபப்படவும் கதை சொல்லவும் ஏலுமோ அந்த மொழிதான் பிள்ளைக்கு வேணும். பிள்ளையைத் தாய்மொழியில படிப்பிக்கத் தொடங்குறதுதான் நல்லம் எண்டு யுனெஸ்கோ 1953லயே சொல்லிப்போட்டுது.

பாட்டி இடியப்பம் அவிக்கேக்க மகளைப் பக்கத்தில இருத்திப் பாருங்கோ. மா குழைக்கேக்க தண்ணி கூடினா என்ன நடக்கும், உரலுக்க எவ்வளவு போடலாம், தட்டு எத்தனை, ஆளுக்கு மூண்டு எண்டா எத்தனை வேணும், ஆவி ஏன் மேல போகுது. கூட, குறைய, பாதி, ஏன், அதால எண்டு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. தமிழ்ல "பாதி" விளங்கின பிள்ளைக்கு "ஹாஃப்" ஒரு புதுச் சொல் மட்டும்தான். "பாதி"யே விளங்காத பிள்ளைக்கு ரெண்டு மொழியிலயும் இல்லை. வெளியில சிங்களம், ஸ்கூலில இங்கிலீஷ், வீட்டில தமிழ் எண்டு கேட்டா குழம்பும் எண்டு பயப்பட வேண்டாம், கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பழக்கம்.

மொன்டிசூரி முறையைத் தொடங்கின மரியா மொன்டிசூரி அம்மையார் 1907ல ரோம் நகரத்தில தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இல்லம் திறந்தவ, 1944ல இலங்கைக்கும் வந்து போனவ. தண்ணி ஊத்துறது, பட்டன் போடுறது, தொட்டுப் பாத்து எழுத்துப் பழகிறது, இதுகள்தான் அவவின்ர முறை. வீட்டில அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு வராத மொழியில திணறவேணும் எண்டு அதில இல்லை. ஸ்கூலில போய்ப் பணிவா, ஆனா உறுதியாச் சொல்லுங்கோ, இங்கிலீஷ் நீங்கள் சொல்லிக்குடுங்கோ, தமிழை நாங்கள் பாக்கிறம் எண்டு.

கேள்வி: ஒண்டரை வயசுப் பேரன் போனில இங்கிலீஷ் ரைம்ஸ் பாத்துக்கொண்டே சாப்பிடுறான். ஏதோ படிக்கிறான் தானே பிள்ளை?
– ஒரு அம்மம்மா, தெஹிவளை

பதில்: இல்லை அம்மா. 2003ல அமெரிக்காவில 9 மாசக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேக்க வைச்சுப் பாத்தவை. ஆள் முன்னால இருந்து விளையாடிக் கதைச்சபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடிச்சுதுகள், அதையே வீடியோவில காட்டினபோது ஒண்டும் பிடிக்கேல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2 வயசுக்குக் கீழ ஸ்கிரீனே வேண்டாம் எண்டு 2019ல சொல்லியிருக்கு. போனை வைச்சிட்டு காக்காவைக் காட்டித் தீத்துங்கோ, கூட நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கேள்வி: மகள் பாத்துப் படிக்கிற ஆளா, கேட்டுப் படிக்கிற ஆளா எண்டு டெஸ்ட் எடுக்க ஒரு இடத்தில காசு கேக்கினம். எடுக்கட்டோ?
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வேண்டாம். பிள்ளைகளை அப்பிடிப் பிரிச்சுப் படிப்பிச்சா நல்லாப் படிப்பினம் எண்டதுக்குப் போதிய ஆதாரம் இல்லை எண்டு 2008ல நாலு உளவியலாளர்கள் ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்துப் பாத்து எழுதிப்போட்டினம். புவியியலுக்கு எல்லாப் பிள்ளைக்கும் படம் வேணும், திருக்குறளை எல்லாப் பிள்ளையும் வாயால சொல்லிப் பாக்கவேணும். அந்தக் காசுக்கு மகளின்ர கண்ணைக் காட்டுங்கோ.