கயாக் மேல்தளத்தில் எதைக் கட்டலாம்?

திருநெல்வேலி மாவட்டத்து உவரிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'துடுப்புப் போட்டு ஓட்டும் பழைய கடல் கயாக் படகு ஒன்று வாங்கினேன். மேல்தளத்து எலாஸ்டிக் கயிறு தொய்ந்து கிடக்கிறது. உபரித் துடுப்பு, படகுக்குள் புகும் தண்ணீரை இறைக்கும் பம்ப், தண்ணீர் பாட்டில், போன் எல்லாவற்றையும் மேலேயே கட்ட என்ன வழி?'

'எல்லாவற்றையும் மேலேயே' என்பதை முதலில் விடுங்கள். ஆடி மாதக் கச்சான் உங்கள் கரையில் படகைக் கடலுக்குள் தள்ளும் காற்று. மேலே மூட்டை ஏற ஏற அது பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், படகும் ஆட்டம் காணும்.

மேல்தளத்துக்கு இரண்டு வகைக் கயிறு வேண்டும். விளிம்பைச் சுற்றி ஓடுவது நீளாத கயிறு, 5 அல்லது 6 மி.மீ. கவிழ்ந்தால் நீங்கள் பற்றிக்கொள்வது இதைத்தான். பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். மலிவான பாலிபுரொப்பிலீன் நம் வெயிலுக்குச் சீக்கிரம் நொறுங்கிவிடும். கை நுழையும் அளவு தொய்வு இருந்தால் போதும்.

குறுக்கே போவது எலாஸ்டிக். மேலுறை பிய்ந்தாலும், இழுத்து விட்டபின் சுருங்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள். நடுவே மரமணி ஒன்றைக் கோத்தால் ஈர விரலால் தூக்கச் சுலபம். ஆனால் எலாஸ்டிக் பொருளை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். கரையோர அலை ஒன்று வாரி அடித்தால் உருவிக்கொண்டு போய்விடும். அதனால் பம்புக்குத் தனியாக ஒரு கயிறு போட்டு விளிம்புக் கயிற்றோடு முடியுங்கள், ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் காலில் சுற்றும். கட்டுமரக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அலை ஏறி வழிகிற மரத்தில் கட்டாத சாமான் கரை சேராது.

உபரித் துடுப்பைப் பலர் பின்தளத்தில் வைப்பார்கள். எனக்கு அணியம், அதாவது முன்பக்கம்தான் சரி. முதுகுக்குப் பின்னால் நழுவினால் தெரியாது, கவிழ்ந்தபின் நீங்கள் ஏறிப் படுக்க வேண்டியதும் பின்தளத்தில்தான். பாட்டில் உள்ளே போகட்டும். போனும் விசிலும் லைஃப் ஜாக்கெட்டில். படகு கைவிட்டுப் போனாலும் அவை உங்களோடு இருக்க வேண்டும்.

கயிறு மாட்டும் கொக்கிகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடினால், உப்புக்குத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், உள்பக்கம் அகலமான வாஷர், ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் மரைன் சீலன்ட் போட்டு மாட்டுங்கள். சாதா இரும்பு நம் உப்புக்காற்றில் நிற்காது.

அப்புறம், அலையில்லாத காலையில், துணைக்கு ஒருவரோடு, இடுப்பளவு தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து மறுபடி ஏறிப் பாருங்கள். எது மிதந்து போகிறது, எது காலைப் பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.